நோகவில்லை என்றார் அப்பா

கட்டில் விரிப்பில் கிடந்த கறையைத்தான் அம்மா முதலில் கண்டார். அப்பா கால் நீட்டும் பக்கத்தில், ஒரு ரூபாய்க் குற்றி அளவில், மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு வட்டம். எண்ணெய் பட்டிருக்கும் என்று நினைத்து விரிப்பைத் துவைக்கப் போட்டவர், அடுத்த நாளும் அதே இடத்தில் அதே கறையைக் கண்டபிறகுதான் அப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்தார். வலது உள்ளங்காலில், பெருவிரலின் அடியில், கொப்புளம் ஒன்று வந்து உடைந்து, தோல் கிழிந்து, சுற்றிவர வெள்ளையாக ஊறிப்போய் இருந்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. நான்கு நாட்களாக அந்தக் காலோடு சந்தைக்குப் போய் வந்திருக்கிறார், சைக்கிள் மிதித்திருக்கிறார், பின்னேரம் டச்சுக் குடா மணலில் நடந்திருக்கிறார்.

"நோகேல்லயே பிள்ளை. நொந்தா சொல்லியிருப்பன்தானே" என்றார்.

நாட்களை எண்ணிப் பார்த்தால் அது வெள்ளிக்கிழமையில் போய் நின்றது. சித்திரை மாதம், மதியப் பூசை, திருகோணமலைக் கோணேசர் கோயில். எங்கள் ஊர்க்காரருக்கு அந்த வழியைச் சொல்லத் தேவையில்லை. கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மரநிழலில் படுத்திருக்கும் மான்களைத் தாண்டி, கடைகளைத் தாண்டி மேலே ஏறினால், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மலைக்குப் போகவேண்டும். உச்சி வெயிலில் அந்தக் கல் எப்படிக் கொதிக்கும் என்று தெரிந்தவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள். அப்பா ஓடவில்லை. ஆறுதலாக நடந்தார், நின்று கடலைப் பார்த்தார், திரும்பியும் ஆறுதலாகவே வந்தார். அவருடைய பக்தி அப்படி என்று அம்மா பக்கத்து வீட்டு மாமிக்குச் சொல்லிப் பெருமைப்பட்டார். சூடு அவர் காலுக்குத் தெரியவில்லை என்பது எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து அப்போது பதினாறு வருடம். அந்தக் கிழமை கிளினிக்கில் சாப்பிடாமல் பார்த்த சீனியின் அளவு 310. எப்போதும் 160, 170 இல் நிற்பது ஏன் திடீரென்று இப்படி ஏறியது என்று யாரும் யோசிக்கவில்லை, மாம்பழக் காலம் என்பதால் மாம்பழத்தின் மேல் பழியைப் போட்டோம். புண்தான் சீனியை ஏற்றியிருக்கிறது. காரணம் இல்லாமல் சீனி திடீரென்று கூடினால் உடம்பில் எங்கேயோ கிருமி புகுந்திருக்கலாம் என்று அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லித் தந்திருந்தால் காலைத் திருப்பிப் பார்த்திருப்பேன். அதனால்தான் இதை இங்கே முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

பிறகு நடந்தது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். மஞ்சள் அரைத்துப் பூசினோம். மூன்று நாள் போனது. ஒரு டிஸ்பென்சரியில் காட்டினோம், செருப்பைக்கூடக் கழற்றச் சொல்லாமல் ஐந்து நாளைக்குக் குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளிசை முடியும்போது பெருவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது, அறைக்குள் போனாலே ஒரு வாடை, இரவில் குளிரும் நடுக்கமும். வார்ட்டில் சேர்த்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கிருமி எலும்புக்குள் போயிருந்தது. விரலை எடுத்தார்கள். மூன்று கிழமை வார்ட்டில் இருந்தார். அந்த மூன்று கிழமையிலும் பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் சொன்ன கதைகளும் இதே கதைதான், விரல் மட்டும் வேறு. ஒருவருக்கு இறால் ஓடு குத்தியது, ஒருவருக்குப் புதுச் சப்பாத்து கடித்தது, இன்னொருவர் கால் ஆணியை வீட்டில் பிளேடால் சீவியிருக்கிறார். கேட்டுப் பார்த்தால் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள், நோகவில்லை.

வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் ஒரு இளம் டொக்டர் வந்தார். கையில் ஒரு சின்னப் பிடி, அதன் நுனியில் நைலோன் நரம்பு. கிண்ணியாப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களின் தங்கூசி மாதிரியே இருந்தது. சரியாகப் 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது என்று விளக்கினார். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, தொடும்போது சொல்லுங்கள் என்றார். முதலில் கையில் தொட்டுக் காட்டினார், அப்பா உடனே "ஓம்" என்றார். பிறகு காலுக்கு வந்தார். பெருவிரலடி, சின்னவிரலடி, நடுப்பாதம், குதிகால். நரம்பு வளைவதை நான் கண்ணால் காண்கிறேன், அப்பா கண்ணை மூடியபடி அமைதியாக இருக்கிறார். ஒரு கட்டத்தில், "இன்னும் தொடங்கேல்லயா டொக்டர்?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்து வெளியே போய்விட்டேன்.

அன்றைக்கு விளங்கியதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறேன். நோவு என்பது உடம்பு நமக்கு அடிக்கிற மணி. பல வருடம் சீனி கூடியே இருந்தால், நீளமான நரம்புகள், அதாவது கால் விரல் வரைக்கும் போகிறவை, முதலில் பழுதாகின்றன, மணி அடிப்பதில்லை. அதே சீனி, கிருமியோடு சண்டை போடுகிற அணுக்களையும் மந்தமாக்குகிறது. காவல்காரனும் தூங்கி, நாயும் குரைக்காத வீடு மாதிரி. சீனி வருத்தக்காரருக்குத் தொற்று ஏன் இவ்வளவு இலகுவாக வருகிறது, வந்தது ஏன் இவ்வளவு பிந்தித் தெரிகிறது என்ற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

எங்கள் ஊரில் பலர் வேறு மாதிரி நினைக்கிறார்கள். சீனிப் போத்தலைத் திறந்து வைத்தால் எறும்பு வருவது போல, இரத்தம் இனித்தால் கிருமி வரும் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் முக்கியமான காரணம் அதுவல்ல. காயம் பட்ட இடத்துக்கு வெள்ளை அணுக்கள் ஓடிப்போக வேண்டும், கிருமியைப் பிடித்து விழுங்க வேண்டும், விழுங்கியதை உள்ளேயே கொல்ல வேண்டும். சீனி கூடி நிற்கும்போது இந்த மூன்று வேலையும் பிந்துகிறது. போதாததற்கு, சின்ன இரத்தக் குழாய்களின் சுவர் தடிக்கிறது, பெரிய குழாய்களில் கொழுப்பு அடைக்கிறது. காலுக்கு இரத்தம் குறைவாகப் போனால் வெள்ளை அணுவும் குறைவாகத்தான் போகும், விழுங்கிய மருந்தும் குறைவாகத்தான் போகும். ஒரே குளிசை மற்றவர்களின் புண்ணை ஐந்து நாளில் ஆற்ற, அப்பாவின் புண்ணை ஆற்றாமல் விட்டது ஏன் என்று நாங்கள் கேட்டபோது டொக்டர் சொன்ன பதில் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. கிருமி புகுந்ததும் உடம்பு அவசரத்துக்குச் சில ஹோர்மோன்களைச் சுரக்கிறது, அவை இன்சுலினுக்கு எதிராக வேலை செய்து சீனியை ஏற்றிவிடுகின்றன. ஏறிய சீனி வெள்ளை அணுக்களை இன்னும் மந்தமாக்குகிறது, தொற்று இன்னும் பரவுகிறது, சீனி இன்னும் ஏறுகிறது. செக்கு மாதிரிச் சுற்றும் இந்தச் சுற்றை அறுக்க வேண்டுமென்றால் தொற்றுக்கும் சீனிக்கும் ஒரே நேரத்தில் மருந்து செய்ய வேண்டும். வார்ட்டில் அப்பாவுக்குக் குளிசையை மாற்றி இன்சுலின் போட்டபோது, "இனி வாழ்க்கை முழுக்க ஊசியா?" என்று அம்மா கலங்கிப் போனார். தொற்று அடங்கும் வரைக்கும் பலருக்கு அப்படித்தான் செய்வார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

அந்த எறும்புக் கதையில் இருக்கும் கொஞ்ச உண்மை சிறுநீரில் இருக்கிறது. இரத்தத்தில் சீனி ஒரு டெசிலீட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுவிடுகிறது. இனிப்புள்ள ஈரம் பூஞ்சணத்துக்கு நல்ல இடம். பெண்களுக்கு மறைவிடத்தில் அரிப்பு, தயிர் போல வெள்ளைபடுதல், ஆண்களுக்கு முன்தோலில் சிவப்பும் வெடிப்பும் திரும்பத் திரும்ப வந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் சீனியைப் பார்க்க வேண்டும். என் பெரியம்மாவுக்குச் சீனி இருப்பதே அப்படித்தான் தெரிய வந்தது. இரண்டு வருடமாகக் களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கொடுக்கிற எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற குளிசைகள் வேண்டுமென்றே சீனியைச் சிறுநீரால் வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள்தான், ஆனால் இவற்றோடு இந்தப் பூஞ்சணத் தொந்தரவு கூடலாம். கழுவித் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், வந்தால் டொக்டரிடம் சொல்ல வேண்டும், குளிசையைத் தானாக நிறுத்தக் கூடாது. மூத்திரக் கடுப்போடு காய்ச்சலும் முதுகுப் பக்க நோவும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம்.

பல்லையும் சொல்லவேண்டும். முரசு (ஈறு) வீங்கி இரத்தம் கசிவதைப் பெரிதாக எடுப்பதில்லை நாங்கள், வேப்பங்குச்சி, உப்பு என்று சமாளிப்போம். முரசில் தொற்று இருந்தால் சீனி இறங்காது, சீனி இறங்காவிட்டால் முரசு ஆறாது. காசநோயும் அப்படித்தான், சீனி உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூட வருகிறது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் சளியைச் சோதிக்கக் கொடுங்கள், அரசாங்கத்தில் காசு இல்லாமலே செய்கிறார்கள்.

இனி எங்கள் பக்கத்துக்கென்றே உள்ள ஒன்று. மூதூர்ப் பக்கம் வயல் செய்கிற, எங்களுக்கு மாமா முறையான ஒருவருக்கு, போன மாரியில் விடாத காய்ச்சல். டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் தெரிந்தது, காசநோயோ என்று பார்த்தார்கள், சளியில் இல்லை. ஸ்கேனில் ஈரலில் சீழ்க்கட்டிகள். கடைசியில் இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தபோது மெலியோய்டோசிஸ் என்று வந்தது. நான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே அப்போதுதான்.

இது மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிற ஒரு கிருமி. சேற்றில் நிற்கும்போது காலில் உள்ள வெடிப்பாலும் காயத்தாலும் உள்ளே போகும், சில நேரம் மழைக்காற்றில் மூச்சோடும் போகும், அழுக்கு நீரைக் குடித்தாலும் போகும். 1911 இல் இரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் கண்டுபிடித்தார்கள், இலங்கையில் 1927 இலேயே ஒருவருக்கு இருந்ததாகப் பதிவு உண்டு. இந்த நோய் பிடிப்பதற்கு மிகப் பெரிய காரணம் சீனி வருத்தம். நல்ல சுகமான ஆள் வருடக்கணக்காக அதே சேற்றில் நின்றாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம், சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு அது உயிர் ஆபத்து. வழக்கமாகக் கொடுக்கிற பல அன்டிபயோட்டிக்குகளுக்கு இந்தக் கிருமி அசையாது. குறைந்தது பத்துப் பதினான்கு நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், பிறகு குறைந்தது மூன்று மாதம் குளிசை. மாமா பிழைத்துக்கொண்டார். குளிசையை இரண்டாவது மாதம் நிறுத்தப் பார்த்தவரை மாமிதான் விடவில்லை. இடையில் விட்டால் திரும்பி வரும் என்று டொக்டர் சொன்னதை மாமி வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் எங்களுக்கு மழை. வயலும் வாய்க்காலும் வீட்டு முற்றமும் ஒரே சேறு. சீனி உள்ளவர்கள் வயலுக்கு இறங்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது, சாப்பாடு அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போடலாம். காலில் வெடிப்போ புண்ணோ இருக்கும் நாளில் வேறு யாரையாவது இறக்கலாம். ஏறியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்கலாம். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், "எனக்குச் சீனி இருக்கு, வயலில நிண்டனான்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் டொக்டரை எதைத் தேடவேண்டும் என்ற பக்கம் திருப்பும். கடல் பக்கமும் அப்படித்தான், கெளுத்தி முள்ளோ மட்டி ஓடோ குத்திய காயத்தோடு உப்புத் தண்ணீரில் நிற்பது சீனி உள்ளவர்களுக்கு விளையாட்டு இல்லை. கடல்நீரில் இருக்கும் சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே தசையைத் தின்றுவிடும்.

அப்பாவின் காலுக்கு வருகிறேன். வார்ட்டில் காயம் கட்டுகிற நேர்ஸ், அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த வேலைகள் சின்னச் சின்னவை. ஒவ்வொரு நாளும் காலைக் கழுவ வேண்டும், ஆனால் ஊறவைக்கக் கூடாது. சுடுநீர் வேண்டாம், வெதுவெதுப்பென்றாலும் அவர் காலை வைத்துப் பார்க்கக் கூடாது, வேறொருவர் முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கழுவிய பிறகு விரல் இடுக்குகளை மெல்லிய துணியால் ஒவ்வொன்றாக ஒற்ற வேண்டும், ஈரம் நின்றால் சேற்றுப் புண் வரும், அந்த வெடிப்பே கிருமிக்கு வாசல். உள்ளங்காலிலும் குதிகாலிலும் தேங்காய் எண்ணெய் பூசலாம், விரல் இடுக்கில் பூசக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டக் கூடாது. வீட்டுக்குள்ளும் செருப்பு. சப்பாத்தைப் போடமுதல் கவிழ்த்துத் தட்டி, கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். அப்பாவின் சப்பாத்துக்குள் ஒருமுறை பேத்தியின் கலர் பென்சில் நுனி கிடந்தது. நாள் முழுக்க அதை மிதித்துக்கொண்டு நடந்திருப்பார்.

காயம் பட்டால் சுத்தமான நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே காட்ட வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், பற்பசை, பச்சிலை ஒன்றும் வேண்டாம். மஞ்சளின் மேல் எனக்கு வெறுப்பில்லை, எங்கள் குசினியில் அது இல்லாத நாளில்லை. ஆனால் புண்ணின் மேல் காய்ந்து பொருக்காகிக் கிடந்த அந்த மஞ்சளுக்குக் கீழேதான் மூன்று நாள் சீழ் பிடித்தது, மேலே பார்த்தால் ஆறுவது போலத் தெரிந்தது. கன்னியாவுக்குக் கூட்டிப்போனால் ஏழு கிணற்று வெந்நீரில் புண் ஆறும் என்று சொந்தக்காரர் சிலர் சொன்னார்கள். கன்னியா எங்களுக்குப் பெருமையான இடம், ஆனால் திறந்த புண்ணோடு பலரும் குளிக்கும் இடத்துக்குப் போகவே கூடாது என்று டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

காய்ச்சல் நாட்களில் நடக்கும் பிழை ஒன்றும் இருக்கிறது, பல வீடுகளில் கண்டிருக்கிறேன். "சாப்பிடேல்ல, அதால ஊசி போடேல்ல" என்பார்கள். காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் சீனி ஏறும். இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது, கஞ்சியோ சூப்போ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தபடி நாளுக்கு நாலு தரமாவது சீனியைப் பார்க்க வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் இருந்தால் மெட்போமின் போன்ற சில சீனிக் குளிசைகளை நிறுத்தச் சொல்வதுண்டு, அதை டொக்டர் சொல்லட்டும். பாமசியில் நான்கு அன்டிபயோட்டிக் வாங்கி இரண்டை விழுங்கி, மிச்சத்தை அடுத்த முறைக்கு என்று தகரப் பேணியில் போட்டு வைப்பதையும் விட்டுவிட வேண்டும். வருடம் ஒருமுறை போடுகிற இன்ஃப்ளுவென்சா ஊசி, நியூமோனியாவுக்கு எதிரான ஊசி இரண்டையும் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். கேட்காவிட்டால் அந்தக் கூட்டத்தில் அவர்களுக்குச் சொல்ல நேரம் இருக்காது.

எல்லாவற்றுக்கும் அடியில் சீனியின் அளவுதான் நிற்கிறது. மூன்று மாதக் கணக்கைக் காட்டுகிற எச்பிஏ1சி பலருக்கு 7 சதவீதத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்பார்கள், வயதையும் மற்ற வருத்தங்களையும் பார்த்து இலக்கு மாறும். அப்பாவுக்கு அப்போது 10.4. சீனி இறங்கினால் வெள்ளை அணுக்களின் வேலை திருந்துகிறது. செத்த நரம்பு திரும்பி வருவதில்லை. அதனால்தான் இப்போது சீனி நன்றாக இருக்கும் நாட்களிலும் அப்பாவின் காலை நாங்கள் பார்க்கிறோம், அவர் காலுக்கு எங்கள் கண்தான் நரம்பு.

கோயிலுக்கு இன்றும் போகிறார். ஆனால் காலைப் பூசைக்கு, கல் குளிர்ந்திருக்கும் நேரத்தில், சொக்ஸ் போட்டுக்கொண்டு. மதியப் பூசைக்குப் போகாதது அவருக்குப் பெரிய மனக்குறை, சாமியிடம் சொல்லிவிட்டேன் என்றார். வந்ததும் முதல் வேலை விறாந்தைக் கதிரையில் இருந்து காலை ஸ்டூலில் வைப்பது.

இரவுச் செய்தி முடிந்ததும் இன்னொருமுறை. அம்மா டோர்ச் பிடிப்பார், என் மகள் குனிந்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்து விரல்களை எண்ணுவாள். ஒன்பதில் நிறுத்துவாள், பத்து என்று சொல்லிப் பழகியிருந்ததை மாற்ற அவளுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. போன கிழமை இடது குதிகாலில் டோர்ச் வெளிச்சத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிய, விரலால் தடவிப் பார்த்து, "தாத்தா, முள்ளு" என்றாள். நெருஞ்சி முள். செருப்பின் ரப்பரைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. மெல்ல எடுத்தேன், சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், இரத்தம்கூட வரவில்லை. "நோகேல்லயா தாத்தா?" என்று அவள் கேட்டாள். அப்பா இல்லை என்று தலையாட்டிவிட்டு, அந்த முள்ளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, நான் எழும்பி வரும்போதே, சட்டை மாற்றி, கிளினிக் கொப்பியைக் கையில் வைத்தபடி வாசலில் நின்றார்.